கடவுச்சொல்லின் வாரிசுகள்

போனம்மாவின் நாற்காலிக்கு ஒரு கால் நொண்டி. உட்கார்ந்தால் இடது பக்கம் சாயும். சிரித்தால் வலது பக்கம் சாயும். அதனாலேயே அவள் வேலை நேரத்தில் சிரிப்பதை விட்டிருந்தாள். மேனேஜரிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். ஒருநாள் காலையில் வந்து உட்கார்ந்தால் நாற்காலி ஆடாமல் அசையாமல் நிற்கிறது. ஆண்டவனே இறங்கி வந்து ஆணி அடித்துவிட்டுப் போயிருக்கிறான் என்று கண்ணை மூடி ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனை எடுத்தாள்.

வெகுநாள் கழித்து, கைக்குப் பேனா இல்லாமல் அடுத்த அறைக்கு ஓடியபோதுதான் கண்டாள். அவளுடைய நொண்டி நாற்காலி பசையண்ணன் மேசைக்கு முன்னால் இருந்தது. அவருடைய நல்ல நாற்காலியில்தான் அத்தனை நாளும் அவள் உட்கார்ந்திருந்தாள். நொண்டிக் காலுக்கு அடியில், கம்பெனி அச்சடித்த தடித்த பயனர் கையேடு ஒன்று முட்டுக் கொடுத்திருந்தது.

"என்னண்ணே இது?"

"இந்தக் கையேடு அச்சாகி இத்தனை வருஷத்துல ஒருத்தருக்காவது உபயோகப்பட்டிருக்குன்னா, அது இப்பதாம்மா," என்றார் அவர். "பேனாதானே கேட்ட? எடுத்துட்டுப் போ. மூடி மட்டும் திரும்பி வரணும்."

அதற்குமேல் அதைப் பற்றி அவர் பேசவில்லை. அவளையும் பேசவிடவில்லை.

அந்தக் கம்பெனி ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் செய்து விற்றது. நோயாளி பெயரைப் பதிய, படுக்கை ஒதுக்க, மருந்துக் கணக்குப் பார்க்க எல்லாம் அதில்தான். அதை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லும் உதவிப் பக்கங்களைச் சரிபார்ப்பது பசையண்ணனின் வேலை. அந்தப் பக்கங்களைப் படித்தும் புரியாதவர்கள் போன் செய்தால் எடுப்பது போனம்மாவின் வேலை. ஆகவே அவர் வேலை சரியாக நடந்தால் இவளுக்கு வேலை குறையும். நடக்காவிட்டால் காது வீங்கும்.

பசை என்பது அவர் பிறந்தபோது வைத்த பெயர் இல்லை. கையேடுகளைக் காகிதத்தில் அச்சடித்த காலத்தில், தப்பாக வந்த சொல்லின் மேல் சரியான சொல்லைத் துண்டுக் காகிதத்தில் எழுதி, ஒவ்வொரு பிரதியிலும் தாமே ஒட்டுவார். சட்டைப்பையில் எப்போதும் பசைப்புட்டி. அது வழிந்து பையில் இருந்த ஓட்டை தானாக ஒட்டிக்கொண்டதால், தையல் கூலி மிச்சம் என்று சொல்லிக்கொள்வார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கை வீட்டு மாடியில் ஓர் அறை. காலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டே நிற்பார். ஒரே கடையில் மேல் பலகையில் ஒரு விதமாகவும் கண்ணாடியில் இன்னொரு விதமாகவும் எழுதியிருந்தால் பல்வலி வந்த மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆனால் யார் பேசும்போதும் திருத்தியதில்லை. "பேச்சு காத்துல போயிடும். எழுத்துதாம்மா நின்னு மானத்தை வாங்கும்," என்பார்.

இவ்வளவு கவனமான மனிதர் இருந்தும் உதவிப் பக்கங்கள் ஏன் அலங்கோலமாகக் கிடந்தன என்று கேட்டால், அதற்குக் காரணம் ஒரு குழு.

இரண்டு சொல் சேர்ந்து வரும் கணினிச் சொற்களை எப்படி எழுதுவது, ஒட்டியா விட்டா என்று முடிவு செய்யக் கம்பெனி ஒரு குழு அமைத்திருந்தது. வாரந்தோறும் கூடியது. அந்த அறைக் கதவில் பெயர்ப்பலகை கிடையாது. கலைச்சொல்குழு, கலைச்சொல் குழு, கலைச்சொற்குழு இந்த மூன்றில் எது என்று தீர்மானம் ஆகாததால் ஆணி மட்டும் அடித்து வைத்திருந்தார்கள். வருகிறவர் போகிறவர் அதில் குடையை மாட்டினார்கள்.

குழுவுக்குத் தலைவர் முனைவர். மீன்கள் எப்படி மூச்சு விடுகின்றன என்று ஆராய்ந்து பட்டம் வாங்கியவர். அவர் பேச ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர்களுக்குத்தான் மூச்சு விட வழி தெரியாது. யாரையும் குறை சொல்லக் கூடாது. அவரவர் மனசு ஆண்டவனுக்குத் தெரியும். ஆனால் மனசு வரைக்கும் போகாமல் வாயோடு நின்றுவிடுகிற விஷயங்களும் உலகத்தில் உண்டு.

முனைவர் எப்போதோ எழுதிய ஒரு சொல்லை யாரோ கேட்காமல் மாற்றி அச்சடித்துவிட்டார்கள். அந்தக் கோபத்தில் அவர் கொண்டுவந்ததுதான் சொல்லுரிமை விதி. எந்தச் சொல்லை யார் முதலில் எழுதினாரோ அவர் அதற்குச் சொந்தக்காரர். அவர் சம்மதம் இல்லாமல் ஒரு இடைவெளியைக்கூட யாரும் தொடக் கூடாது. வீடு, நிலம் வாங்க முடியாதவர்கள்கூட அந்தக் கம்பெனியில் ஆளுக்கு நாலு சொல் வைத்திருந்தார்கள். ஒருவர் லீவில் போனால் அவர் சொற்களும் லீவில் போகும். இன்னொருவருக்குக் கோபம் வந்தால் அவருடைய 'தரவுத்தளம்' என்ற சொல் ஒரு மாதம் இரண்டாகப் பிளந்து கிடக்கும்.

இதையெல்லாம் போனம்மா சிரித்துக்கொண்டு பார்த்திருப்பாள், அந்தப் போன்கள் மட்டும் வராமல் இருந்திருந்தால்.

"ஏம்மா, நான் வார்டிலிருந்து பேசறேன். பாஸ்வேர்டை மறந்துட்டேன். உதவியில தேடினா எதுவும் கிடைக்கலைன்னு வருது."

"என்னன்னு அடிச்சீங்கக்கா?"

"கடவுச்சொல்னுதான்."

"நடுவுல கொஞ்சம் இடம் விட்டு அடிச்சுப் பாருங்க."

"விட்டேனே. இப்ப வேற எதையோ காட்டுது. டாக்டரு கடவுச்சொல்லை மாத்துறது எப்படின்னு வருது. நான் நர்ஸும்மா!"

"அப்போ கடவுக்கும் சொல்லுக்கும் நடுவுல இருக்கிற அந்த 'ச்'சை எடுத்துட்டு அடிங்கக்கா."

"நோயாளிக்கு ஊசி போடணுமா, இல்ல உங்க சொல்லுக்கு ஆபரேஷன் பண்ணணுமா?"

காலையிலிருந்து சாயங்காலம் வரை இதே கதை. ஒரு பக்கத்தில் ஒட்டி, ஒரு பக்கத்தில் விட்டு, இன்னொன்றில் புள்ளியெழுத்து காணாமல். தேடுபெட்டியைச் செய்த பையன்களிடம் சொன்னால், "பெட்டி சரியாத்தான் இருக்கு, தேடறவங்கதான் சரியாத் தேடணும்" என்றார்கள். முதல் போனை எடுக்கும் முன், "தாயே, இது திட்டாத போனா இருக்கணும்" என்று வேண்டிக்கொள்வாள் போனம்மா. தாய்க்கும் பாவம், வேறு வேலை இருந்திருக்கும்.

அப்படியிருக்க, மேனேஜர் அவளைக் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான், கெட்ட செய்தி சொல்லும்போது நாற்காலி காட்டி உட்காரச் சொல்வார்.

"உக்காரும்மா. போன் கால் குறையவே மாட்டேங்குது. மேல கேக்கிறாங்க. மாசக் கடைசி வரைக்கும் பாப்பாங்களாம். குறையலைன்னா எந்திரக் குரல் போட்டுடலாம்னு யோசனை. அது டீ கேக்காது, லீவு கேக்காது."

"போன் வர்றதுக்கு நான் என்ன சார் பண்ணுவேன்? நானா பண்ணச் சொல்றேன்?"

"அது எனக்குத் தெரியும்மா. மேல தெரியாதே."

"நீங்க சொல்லக் கூடாதா?"

"மேல சொல்றதுக்கு நானும் மேல இருக்கணுமில்ல?"

வீட்டில் சம்பாதிப்பவள் அவள் ஒருத்திதான். கணவர் பஸ் ஓட்டியவர். கண் மங்கி ஸ்டீயரிங்கை விட்டு வருஷங்கள் ஆகின்றன. அன்று ராத்திரி சாப்பிடும்போது விஷயத்தைச் சொன்னாள். அவர் தட்டைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"ஒரு இடைவெளிக்கா இத்தனை கூட்டம்? நான் ரெண்டு லாரிக்கு நடுவுல பூந்து வந்தப்பகூட யாரும் குழு போடலையேடி."

"சிரிக்காதீங்க. வேலை போயிடும்."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். தண்ணீர்ச் செம்பை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். அவ்வளவுதான்.

மறுநாள் பசையண்ணனிடம் போய் நின்றாள். "அண்ணே, அந்தக் கடவுச்சொல்லை ஏதாவது ஒண்ணா எழுதிடுங்களேன். ஒட்டுனா ஒட்டு, விட்டா விடு. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

"எனக்கும் ஒண்ணுதாம்மா. எதுவா இருந்தாலும் எல்லா இடத்துலயும் அதுவே இருக்கணும், அவ்வளவுதான் கணக்கு." இது பெரிய ஞானம் ஒன்றும் இல்லை. அந்தக் கட்டடத்தில் இது தெரியாதவர் கிடையாது. வாசல் காவலாளிக்குக்கூடத் தெரியும். "ஆனா அது என் சொல்லு இல்லையே. அதுக்குச் சொந்தக்காரர் பழைய இன்ஜினியர்."

"அவர்தான் போய்ச் சேர்ந்துட்டாரே!"

"அதான் சிக்கல்," என்றார்.

அந்த வாரக் கூட்டத்துக்கு அவளையும் கூப்பிட்டுப் போய் உட்கார வைத்தார். போன் வருவது எத்தனை கஷ்டம் என்று அவள் வாயாலேயே சொல்லட்டும் என்று. அவள் சொன்னாள். முனைவர் கண்ணை மூடிக் கேட்டார். திறந்ததும், "இதில் 'போன்' என்பதா, 'தொலைபேசி' என்பதா என்பதையும் நாம் பிறகு எடுத்துக்கொள்ளலாம்," என்றார்.

மேனேஜர் சமாதானத்துக்கு வந்தார். "ரெண்டு பக்கத்துக்கும் பொதுவா நடுவுல ஒரு சின்னக் கோடு போட்டுட்டா என்ன சார்?"

"கோடு யாருடைய சொத்து?" என்றார் முனைவர். மேனேஜர் டீ டம்ளருக்குள் முகத்தை விட்டுக்கொண்டார்.

"சொந்தக்காரர் காலமாகிவிட்டார். ஆனால் உரிமை காலமாகவில்லை," என்று முனைவர் தொடர்ந்தார். "அது வாரிசுகளுக்குப் போகிறது. வாரிசுகளின் சம்மதம் வாங்கி வாருங்கள்."

யாராவது சிரிப்பார்கள் என்று போனம்மா சுற்றிப் பார்த்தாள். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவர், நல்ல யோசனை என்றுகூடச் சொன்னார். ஆண்டவன் எல்லாருக்கும் தலையைக் கொடுத்தான்; சிலருக்கு ஆட்டுவதற்கு மட்டும்.

பழைய இன்ஜினியரின் வீட்டில் அவர் மனைவியிடம்தான் பேச வேண்டும் என்பதால் போனம்மாவையும் துணைக்கு அழைத்துக்கொண்டு பசையண்ணன் கிளம்பினார். மரக்கடைகளும் சிமெண்டுக் கடைகளுமாக இருந்த தெரு. அந்த வீட்டு வாசலில் மணல் கொட்டியிருந்தது. உள்ளே போனால், கூடத்தின் நடுவில் புதுச் செங்கல் சுவர் ஒன்று இடுப்பு உயரத்துக்கு எழும்பியிருந்தது. இரண்டு மகன்களும் பாகம் பிரிக்கிறார்கள். அந்தம்மா சுவருக்கு நேராக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு எந்தப் பக்கம் என்று இன்னும் முடிவாகவில்லை போலிருக்கிறது.

பசையண்ணன் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். அந்தம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவரு வச்சதெல்லாம் பிரிச்சாச்சு. இது ஒண்ணுதான் பாக்கியா?" என்றார்.

சத்தம் கேட்டு மூத்தவர் இந்தப் பக்கத்து அறையிலிருந்து வந்தார். "அப்பா சொல்லா? சேத்தே எழுதுங்க. அவரு சேத்து வச்சதைக் கெடுக்கிறது எங்க வீட்டுல ஒருத்தனுக்குத்தான் பழக்கம்."

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து இளையவர் குரல் வந்தது. "அவன் சேக்கணும்னா நான் பிரிக்கணும். எழுதிக்குங்க."

"விஷயம் என்னன்னு தெரியுமாடா உனக்கு?"

"நீ சேக்கணும்னு சொன்னியே, அது போதாதா?"

"இது கம்ப்யூட்டர் சொல்லுடா, மடையா."

"இருக்கட்டும். அதுலயும் எனக்குப் பாதி உண்டு. நீ கடவு எடுத்துக்க, நான் சொல்லு எடுத்துக்கறேன்."

பசையண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். போனம்மாவுக்கு அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பேச்சை மாற்ற, "ஐயா இதை எப்படிம்மா எழுதுவாரு? அவருக்கு எது பிடிக்கும்?" என்று கேட்டாள்.

"பிடிக்கிறதென்ன, பிடிக்காததென்ன. அந்த மனுஷனுக்குக் கட்டைவிரல்ல வலி. காலையில சுடுதண்ணி ஒத்தடம் கொடுத்து அனுப்புவேன். மத்தியானம் வரைக்கும் கீபோர்டுல அந்த நீளக் கட்டையைத் தட்டுவாரு, இடம் விழும். அதுக்கப்புறம் விரல் வீங்கிடும், தட்ட முடியாது. ஒட்டிக்கிட்டே போகும்." தம் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். "அவரு விரலைத்தான் இவ்வளவு நாளா ஆராய்ச்சி பண்றீங்களா?"

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது, இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றார்கள். பிறகு பசையண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை. சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாவம், ஒத்தடம் கொடுத்த கை," என்றார்.

இனிமேல் முடிந்துவிடும் என்றுதான் போனம்மா நம்பினாள். நம்பிக்கைக்கும் ஒரு அளவு வேண்டும். முனைவர் விரல் சங்கதியைக் கேட்டு மலர்ந்துவிட்டார். "முக்கியமான சான்று! காலையில் எழுதிய பக்கம் எது, மாலையில் எழுதிய பக்கம் எது என்று பிரித்தறிய ஒரு துணைக்குழு அமைக்க வேண்டும். மருத்துவரும் ஒருவர் இருக்கட்டும்." துணைக்குழுவுக்கு எப்படிப் பெயர் எழுதுவது என்று அடுத்த வாரம் பேசுவதாக முடிவானது.

மாசக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது. எந்திரக் குரல்காரர்கள் வந்து போனம்மாவின் மேசையை அளந்துவிட்டுப் போனார்கள். அவள் தன் டப்பாவையும் கண்ணாடிக் கூட்டையும் ஒரு பையில் எடுத்து வைத்தாள். அதைப் பசையண்ணன் கதவருகில் நின்று பார்த்தார்.

"எடுத்து வச்சுட்டியா?"

"பின்ன என்னண்ணே? அந்த ஆள் வந்து அளந்துட்டான்."

"மேசையைத்தானே அளந்தான். திரும்ப வெளிய எடுத்து வை."

"நீங்க அந்தச் சொல்லைத் தொட்டீங்கன்னா உங்களைச் சும்மா விடுவாங்களா?"

"விட மாட்டாங்க. விதியை மீறினேன்னு ஒரு பக்கம். இன்னொண்ணு, இத்தனை வருஷம் நான் இங்க உக்காந்திருக்கிறதே அவங்க முடிவு பண்ணாததாலதாம்மா. எல்லாம் சரியாயிட்டா சரிபார்க்க ஆள் எதுக்கு?"

"அப்போ வேண்டாம்ணே. தெய்வம் எனக்கு வேற வழி காட்டும்."

"காட்டும். ஆனா தெய்வத்துக்கு இந்தத் தேடுபெட்டி தெரியாது. எனக்குத் தெரியும்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அடுத்த குழுக் கூட்டம் நடந்துகொண்டிருந்த பகலிலேயே ஆரம்பித்தார். சுவருக்கு அந்தப் பக்கம் துணைக்குழுவின் பெயர் கிழிபட்டுக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் அவர் ஒவ்வொரு பக்கமாகத் திறந்தார். ஒரே தட்டில் எல்லாவற்றையும் மாற்றும் வசதி கணினியில் உண்டு. அவர் அதை நம்பவில்லை. பயனர் கணக்கு என்பதை ஒட்டச் சொன்னால், பயனர் கணக்குப் பார்க்கும்போது என்று வரும் இடத்தையும் சேர்த்து ஒட்டிவிட்டு அது பாட்டுக்குப் பல்லிளிக்கும். அதனால் கண்ணால் பார்த்துப் பார்த்தே போனார். கடவுச்சொல்லை ஒட்டினார். ஏன் ஒட்டினீர்கள் என்று அவள் எட்டிப் பார்த்துக் கேட்டதற்கு, "எனக்கு வந்த பேருக்கு விசுவாசமா இருக்கணுமில்ல?" என்றார். அதோடு, தேடுகிறவர்கள் விட்டு அடித்தாலும், எழுத்தைத் தின்று அடித்தாலும் அதே பக்கத்துக்கு வந்து சேரும்படி வழியும் வைத்தார். "நர்ஸு என்ன பாவம் பண்ணினா, இலக்கணம் பார்த்து அடிக்க?"

சில நாள் போயின. ஒருநாள் போன் அடிக்கவே இல்லை. கம்பி அறுந்துவிட்டதோ என்று போனம்மா எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தாள். உயிரோடுதான் இருந்தது. மேனேஜர் ஓடி வந்து, "உக்காரும்மா" என்றார். அவள் ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தாள். எந்திரக் குரலை வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள், அவளே பொறுப்பாகப் போன் கால்களைக் குறைத்துவிட்டாள் என்று மேலே நினைக்கிறார்கள் என்றார். அவள் உண்மையைச் சொன்னாள். "அதையெல்லாம் மேல கொண்டுபோக முடியாதும்மா," என்றார் அவர்.

முனைவருக்குத் தெரிந்தது வேறு வழியில். இளைய மகன் ஏதோ ஆஸ்பத்திரியில் அந்தத் திரையைப் பார்த்துவிட்டுப் போன் செய்து, "நான் பிரிக்கச் சொன்னேனே, யாரைக் கேட்டு ஒட்டினீங்க?" என்று கத்தினாராம். குழு கூடியது. திருத்தம் தப்பு என்று ஒருவரும் சொல்லவில்லை. சம்மதம் இல்லாமல் நடந்தது என்பதுதான் குற்றம். பசையண்ணன் எழுந்து, "ஆமாங்க, நான்தான்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். சொற்கள் எல்லாம் ஒழுங்காகிவிட்டதால் சரிபார்ப்பவர் இனித் தேவை இல்லை என்று தீர்மானம் ஆனது. ஒழுங்கான சொற்கள் மறுபடி கெட்டுப்போகாமல் கண்காணிக்கக் குழு மட்டும் தொடரும் என்றும் தீர்மானம் ஆனது. போன்கள் குறைந்ததற்காக வருஷ விழாவில் முனைவருக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். அதில் குழுவின் பெயரைப் பொறிக்க வேண்டிய இடம் காலியாக விடப்பட்டிருந்தது.

போனம்மா எழுந்து நின்று சத்தம் போட்டிருக்கலாம். போடவில்லை. வீட்டில் தட்டைத் தடவிச் சாப்பிடும் மனிதர் ஒருவர் இருந்தார். தினமும் வேண்டிக்கொள்ளும்போது பசையண்ணன் பெயரையும் சேர்த்துச் சொன்னாள். அது போதாது என்று அவளுக்கே தெரியும்.

பிறகு ஒரே ஒருமுறைதான் அவரைப் பார்த்தாள். பஸ் நிலையத்தில், தூணில் ஒட்டியிருந்த விளம்பரத்தைப் பல்வலி முகத்தோடு படித்துக்கொண்டிருந்தார். மருந்துப் பெட்டிகளுக்கு மேலட்டை அச்சடிக்கும் இடத்தில் வேலை கிடைத்திருக்கிறதாம். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"என்னாலதானேண்ணே உங்களுக்கு..."

"அட, பஸ்ஸு வருது, அழுதுக்கிட்டு ஏறுனா கண்டக்டர் என்னைத்தான் முறைப்பான்," என்றார் அவர். அவள் பையை வாங்கி ஜன்னல் வழியாகச் சீட்டில் போட்டு இடம் பிடித்துக் கொடுத்தார். வண்டி நகர ஆரம்பித்ததும் கூடவே நாலு எட்டு நடந்துவந்து, ஜன்னலுக்குக் கீழிருந்து சொன்னார்:

"கவலையே படாதம்மா. அங்கயும் ஒரு குழு வச்சிருக்காங்க. அதுல ஒருத்தருக்கும் ஒருத்தருக்கும் ஆகவே ஆகாது. நான் ரிட்டயர் ஆகிற வரைக்கும் எனக்கு வேலை இருக்கு!"